சாக்கில் படுத்திருந்தவள்

பெயர் வீரபாகு. வயது ஒன்பது நிறைந்து பத்து நடப்பு. அரிசி ஆலையின் தலைமைக் காவல் நாய்.

ஆலையில் கேமராவும் ஒலிபெருக்கியும் பொருத்திய முதலாளி, வீரபாகுவைத் தம் வீட்டுக்கு அழைத்துவந்து, ஆலையைக் காட்டும் திரைக்கு முன்னே மெத்தையில் அமர்த்தினார். இனி இங்கிருந்தே குரைத்தால் போதும் என்றார். வீரபாகு பெருமிதத்தோடு பொறுப்பேற்றார். திரையில் வாசனை வராது என்பதை மட்டும் அவர் எண்ணிப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் காலை, ஆலையில் அவருடைய பழைய சாக்கின்மேல், தவிடு படிந்து வெளுத்த உருவம் ஒன்று சுருண்டு கிடந்தது.

"யாரது? எழுந்து ஓடு, திருட்டுக் கழுதை!" என்று ஒலிபெருக்கியில் குரைத்தார் வீரபாகு.

உருவம் துள்ளி எழுந்து உடலை உதறியது. ஆலைப் பூனை அஞ்சலை!

"அண்ணே, என்னையா சொன்னீங்க? ஆறு வருஷமா உங்க தட்டுல சாப்பிட்டவளைத் தெரியலையா?"

வீரபாகுவுக்கு அவளை அடையாளம் தெரிந்தது. ஆயினும் தவறு செய்தோம் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

"பணி நேரத்தில் உறவு கொண்டாடாதே" என்றார்.

"மெத்தை கிடைச்சதும் மூக்குப் போயிடுச்சு. நல்லா இருங்க."

அவள் போய்விட்டாள். சற்றைக்கெல்லாம் ஆலை அணில் திரையில் எட்டிப் பார்த்தது.

"என்ன பெரியவரே, இப்படிப் பண்ணிட்டீங்க? உங்க வாசனை அந்தச் சாக்குலதான் மிச்சமிருக்குன்னு தினமும் வந்து படுத்திருந்தா."

அன்றிலிருந்து வீரபாகு ஒலிபெருக்கியில் ஓயாமல் அவள் பெயரைச் சொல்லி அழைத்தார். முதலாளியின் காதில் அது வெறும் குரைப்பாகவே விழுந்தது. "என்ன கடமை உணர்ச்சி!" என்று மெச்சி, இன்னொரு மெத்தை வாங்கிப் போட்டார்.

அஞ்சலை எண்ணெய் ஆலையில் குடியேறிவிட்டாள், இனித் திரும்பமாட்டாள் என்று அணில் வந்து சொன்னது ஆவணி மாதம் பதினேழாம் நாள், வியாழக்கிழமை.