தலைவரின் மோட்டார்

"மோட்டார் வைத்து ஓட்டுகிறவன் சைக்கிளுக்கே அவமானம்!" என்று சங்கக் கூட்டத்தில் முழங்கிய சைக்கிள் சங்கத் தலைவர், மனைவி கடைக்குப் போன நேரம் பார்த்து, கதவைச் சாத்திக்கொண்டு தன் சைக்கிளுக்கு மோட்டார் மாட்டிக்கொண்டிருந்தார்.

வேறு வழியில்லை. வாராவாரம் அந்த மேட்டில் அவர் நாக்குத் தள்ளி நிற்க, மனைவி உட்பட மொத்தச் சங்கமும், கூடையில் கனமான தண்ணீர்ப் பையோடு, அரட்டை அடித்தபடியே அவரைத் தாண்டிப் போகிறது. தலைவர் பதவிக்கே ஆபத்து.

பழைய பெடல் அச்சைக் கழற்றினால்தான் மோட்டார் உள்ளே போகும். அதுவோ அசைவேனா என்றது. ஸ்பேனர்மேல் ஏறி நின்றும் பார்த்துவிட்டார்.

"சனியனே, கழண்டு தொலையேன்!"

கதவு திறந்தது. மனைவி!

"என்னங்க இது?"

"சும்மா... எண்ணெய் போடறேன்."

தரையில் கிடந்த மோட்டாரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

"செயின் பக்கத்து மரை எதிர்ப்பக்கம் சுத்தணுங்க. இவ்வளவு நேரமா இறுக்கிட்டிருக்கீங்க."

"உனக்கெப்படித் தெரியும்?"

"குனிஞ்சு என் வண்டிய ஒருநாள் துடைச்சிருந்தா மோட்டார் தெரிஞ்சிருக்கும். பேட்டரி தண்ணிப் பையில இருக்கு."

அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்பேனரை வாங்கினாள்.

"தள்ளுங்க. சங்கத்துல நான் இன்னும் மாட்டிக் கொடுக்காதது உங்க வண்டிக்கு மட்டுந்தான்."