பரந்தனில் இறங்கி நில்

தகரப் பெட்டியையும் இரண்டு பைகளையும் கீழே வைத்துவிட்டு இராசேஸ்வரி திரும்பியபோது ரயில் கோச்சி நகரத் தொடங்கியிருந்தது.

அருந்ததி இன்னும் கோச்சி வாசலில்தான் நின்றாள்.

ஏழு வயது. வவுனியாவில் ஒரு கலியாணத்துக்குப் போய்விட்டு இருவரும் திரும்பி வந்திருந்தார்கள். கிளிநொச்சி பிளாட்போமைக் குனிந்து பார்த்த பிள்ளை, படியின் உயரத்துக்குப் பயந்து ஒரு அடி பின்னால் வைத்திருந்தாள். அந்த ஒரு அடிதான்.

இராசேஸ்வரி கத்த வாயெடுத்தாள். கத்தினால் பிள்ளை குதித்துவிடும் என்பதும் அதே கணத்தில் விளங்கிவிட்டது.

சேலையைக் கையில் பிடித்துக்கொண்டு கோச்சியோடு கூடவே ஓடினாள். ஓடிக்கொண்டே, குசினிக்குள் அடுப்படியில் நின்று சொல்வதுபோலச் சொன்னாள்:

“அருந்ததி, குதிக்காதை. உள்ளுக்குப் போய் இரு. அடுத்த ஸ்டேசன் பரந்தன். கோச்சி நிண்டதும் அதிலை இறங்கி நில். நான் வந்து கூட்டிக்கொண்டு போவன்.”

பிள்ளையின் உதடு நெளிந்தது. தலையாட்டினாளா இல்லையா என்று தெரியவில்லை. பிளாட்போம் முடிந்துவிட்டது.

ஸ்டேசன் மாஸ்டர் பரமலிங்கம் உள்ளே ஓடி, பரந்தன் ஸ்டேசனுக்குச் சொல்ல டெலிபோனை எடுத்தார்.

அதற்குள் ஆட்கள் கூடிவிட்டார்கள். வெற்றிலை மென்றுகொண்டு நின்ற ஒரு மனுசி, “பெட்டியை இறக்கத் தெரியுது, பிள்ளையை இறக்கத் தெரியேல்லை. நீயெல்லாம் ஒரு தாயோ?” என்றாள்.

அந்தக் கேள்வி இராசேஸ்வரிக்குப் புதிதில்லை.

இரணைமடுக் குடியேற்றத்துக்கு அவள் வந்த நாளிலிருந்து, பிள்ளை வளர்க்கும் விதத்தைப் பக்கத்துக் காணிக்காரர் எல்லாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அருந்ததி அப்படிப்பட்ட பிள்ளை. வீட்டில் ஒருவர் படலையைத் திறந்து வெளியே போனாலே நடுங்கத் தொடங்கிவிடுவாள். வண்டில் சத்தம் தூரப் போகப் போக, மூச்சடைக்க அழுவாள்.

இரண்டு அடி போடு, சரியாகும் என்றார்கள் சிலர். பராக்குக் காட்டிவிட்டு, அவள் பார்க்காத நேரம் மெல்ல நழுவிப் போ என்றார்கள் மற்றவர்கள்.

இராசேஸ்வரி ஒருநாளும் நழுவிப் போகவில்லை.

வாய்க்காலுக்குத் தண்ணீர் அள்ளப் போவதென்றாலும், பிள்ளைக்கு முன்னால் குந்தியிருந்து முகத்தைப் பார்த்துச் சொல்லுவாள். போறன், குடம் நிரம்பினதும் வந்திடுவன். பிள்ளை அழும். அழுது முடியுமட்டும் அப்படியே இருப்பாள். அதட்டமாட்டாள், கெஞ்சவும்மாட்டாள். பிறகு போவாள். சொன்னபடி வருவாள். மழைக்குள் சறுக்கி விழுந்து குடம் உடைந்த அன்றைக்கும், முழங்காலில் இரத்தத்தோடு, வெறுங்கையோடு, சொன்ன நேரத்துக்கு வந்து நின்றாள்.

ஒரு குடம் தண்ணிக்கு இவ்வளவு கதையோ என்று புருசன் ஏரம்பு சலித்துக்கொள்வான்.

முதலில் அரை மணித்தியாலம் அழுத பிள்ளை, நாளாக நாளாகக் கொஞ்ச நேரம் அழுதது. போன மாரியில் ஒருநாள் அழாமல் படலைவரைக்கும் வந்து நின்று பார்த்தது.

ஆனால் படலை வேறு, கோச்சி வேறு.

பரந்தனுக்குப் பத்து நிமிசம். வாசலால் எட்டிப் பார்த்தால்? பயத்தில் இறங்காமல் இருந்துவிட்டால்? இராசேஸ்வரி கைகளைச் சேலைத் தலைப்புக்குள் ஒளித்துக்கொண்டு, ஸ்டேசன் மாஸ்டரின் மேசைக்கு முன்னால் நிமிர்ந்து நின்றாள்.

டெலிபோன் அடித்தது.

பரமலிங்கம் கேட்டார். தலையாட்டினார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

பிள்ளையை யாரும் இறக்கவில்லையாம். கம்பியைப் பிடித்துக்கொண்டு தானாகவே இறங்கி, விளக்குக் கம்பத்துக்குக் கீழே நின்றிருக்கிறாள். உள்ளே வா என்று கையைப் பிடித்தவரிடம், “என்னை இதிலை நிக்கச் சொன்னவா” என்று அசைய மறுத்துவிட்டாளாம். டெலிபோனில் கதைக்கலாம் என்று சொன்ன பிறகுதான் உள்ளே காலெடுத்து வைத்தாளாம்.

சுற்றி நின்றவர்கள் ஆரவாரித்தார்கள். வெற்றிலைக்கார மனுசியும் சிரித்தாள்.

“இந்தாங்கோ, உங்கடை பிள்ளை நிக்கிறா. கதையுங்கோ,” என்று பரமலிங்கம் டெலிபோனை நீட்டினார்.

இராசேஸ்வரி அதை வாங்கிக் காதில் வைத்தாள். முதலில் இரைச்சல். பிறகு சின்னக் குரல்.

“அம்மாவோ? நான் இறங்கிட்டன். கொஞ்சம் அழுதனான். இப்ப இல்லை. நீங்கள் ஓடி வரவேண்டாம், ஆறுதலா வாங்கோ.”

இராசேஸ்வரி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிள்ளை கிடைத்த பிறகு இந்த மனுசி ஏன் இப்படி அழுகிறாள் என்று பரமலிங்கத்துக்கு விளங்கவில்லை.

அருந்ததியைப் பெற்றவளை, மூன்று வருஷத்துக்கு முன்னால், பிள்ளை நித்திரையாயிருந்த நேரம் பார்த்து மாட்டுவண்டிலில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். நாளைக்கு வந்துவிடுவாள் என்று பிள்ளைக்குச் சொன்னார்கள். அவள் வரவேயில்லை. அடுத்த வருஷம் ஏரம்பு இராசேஸ்வரியைக் கலியாணம் கட்டிக் கூட்டிக்கொண்டு வந்தான்.

இந்த இரண்டு வருஷத்தில் அருந்ததி அவளை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பசித்தால் சேலையைப் பிடித்து இழுப்பாள். அவ்வளவுதான். கூப்பிடு என்று இராசேஸ்வரியும் கேட்டதில்லை.

டெலிபோனின் மறுபக்கத்தில் பிள்ளை காத்துக்கொண்டிருந்தது.

“ஓமடி குஞ்சு,” என்றாள் இராசேஸ்வரி, ஸ்டேசன் முழுக்கக் கேட்கும்படி. “அம்மாதான் கதைக்கிறன்.”