நடுத்தட்டு

"அக்கா, உங்க பொண்ணுக்கு நடுத்தட்டை எந்த அளவுல வெப்பீங்க?"

படகுத்துறையில் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நிமிர்ந்து பார்த்தாள். கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் துண்டு, வாயெல்லாம் பல். அவனேதான். காலையில் காப்பிக் கடையில் சுருட்டைமுடிக்காரியின் அப்பாவோடு குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தவன். சற்றுமுன் இவளுடைய படகின் பின்பக்கம் குனிந்து நோட்டம் விட்டவனும் இவன்தான்.

இன்று அலைச்சறுக்கு இறுதிப் போட்டி. மிஞ்சியிருப்பது இரண்டே பேர். ஒருத்தி இவள் மகள். இன்னொருத்தி அந்தச் சுருட்டைமுடிக்காரி. ஜெயிப்பவளுக்கு நாட்டு அணியில் இடம்.

படகு கிளப்பும் அலையில், பிடித்திருக்கும் கயிற்றையும் விட்டுவிட்டு, வெறும் பலகைமேல் நின்று சறுக்க வேண்டும். அந்த அலையின் வடிவம், படகின் பின்னால் தண்ணீருக்குள் இருக்கும் தட்டுகளின் கையில். நடுத்தட்டைத் தூக்கினால் படகின் பின்பாகம் அமிழ்ந்து அலை செங்குத்தாக எழும். இறக்கினால் நீண்டு படுத்துவிடும். மகளுக்கு எந்த அளவு தோது என்று கண்டுபிடிக்க, இவள் வெயில் மழை பார்க்காமல் தன் படகை ஓட்டித் தேய்ந்திருக்கிறாள். அந்த அளவு இவளையும், போட்டிப் படகை ஓட்டும் பெரியவரையும் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

"அதை எதுக்குக் கேக்கறீங்க?"

"இல்லக்கா, நான் யாருன்னா..."

"நீங்க யாருன்னு எனக்குத் தெரியும் தம்பி. காலையிலேயே பாத்துட்டேன்."

அவன் முகம் மலர்ந்தது. "அப்பாடா! எப்படி ஆரம்பிக்கறதுன்னு முழிச்சிட்டிருந்தேன். திடீர்னு என் தலையில வந்து விழுந்த வேலைக்கா இது."

என்ன நெஞ்சழுத்தம்! கையும் களவுமாகப் பிடிபட்டவன் பேசுகிற பேச்சா இது?

"அந்தச் சுருட்டைமுடிப் பொண்ணோட அப்பாகிட்டயும் பேசினீங்கபோல?"

"ஆமாக்கா. அவர் எல்லாத்தையும் புட்டுப்புட்டு வெச்சிட்டார். இனி உங்க பொண்ணோடது மட்டும்தான் பாக்கி."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கயிற்றாலேயே நாலு சாத்து சாத்தி விரட்டலாமா என்று நினைத்தவள், சட்டென்று அடங்கினாள். இவள் மகளின் அலையைத் திருடி அந்தப் பெண்ணுக்கு வைக்கப் போகிறார்கள். அவ்வளவுதானே? திருடட்டும்.

குரலில் தேனைத் தடவிக்கொண்டாள். "உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன தம்பி? நடுத்தட்டை அடியோட இறக்கிடணும்."

"அடியோடயா?" அவன் கண்ணாடியைக் கழற்றினான். "அலை படுத்துடுமேக்கா! பலகை நகருமா?"

"என் பொண்ணு பஞ்சு மாதிரி. அவ எடைக்கு அதுதான் சரி. தூக்கினா தடுமாறிடுவா."

"எனக்கென்னவோ மனசு ஒப்பலை..."

"தெனமும் அவளை வெச்சு ஓட்டறது நானா, நீங்களா?"

"ஐயையோ, நீங்கதான்க்கா!" அவன் பின்வாங்கினான். "எதுக்கும் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கட்டுமா?"

"அவகிட்டப் போய் வாயைத் திறந்துடாதீங்க! போட்டிக்கு முன்னாடி இதையெல்லாம் கிளறினா அவளுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது."

"புரியுதுக்கா. மூச்சுவிட மாட்டேன். ரொம்ப நன்றி." அவன் கும்பிட்டுவிட்டு ஓட்டமும் நடையுமாகப் போனான்.

அவன் முதுகு மறைந்ததும் அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. பலகையை இடுக்கிக்கொண்டு வந்த மகள் விநோதமாகப் பார்த்தாள்.

"என்னம்மா, தனியா நின்னு சிரிக்கறே?"

"ஒண்ணுமில்லடி. உளவு பாக்க வந்த ஒருத்தன் காதுல முழம் முழமாப் பூ சுத்தி அனுப்பினேன்."

"ஆரம்பிச்சிட்டியா? உன் கண்ணுக்கு ஊர்ல எல்லாருமே திருடன்தான்."

"நான் இப்படி இருக்கறதாலதான் நீ இங்க நிக்கறே. போ, ஜெயிச்சிட்டு வா."

ஒலிபெருக்கி மகளை முதல் ஆளாகக் கூப்பிட்டது. போட்டிப் படகு அவளை ஏற்றிக்கொண்டு துறையை ஒட்டித் திரும்பியது. பின்விளிம்பில் மகள் பலகையோடு உட்கார்ந்திருந்தாள். அம்மாவின் கண்கள் பெருமையோடு ஸ்டியரிங் பக்கம் நகர்ந்தன. அங்கே பெரியவரின் நரைத்த தலையைக் காணோம். கறுப்புக் கண்ணாடி பளபளத்தது.

"அக்கா!" என்று அவன் உற்சாகமாகக் கத்தினான். "பெரியவருக்குக் காய்ச்சல்னு என்னை ஓட்டச் சொன்னதும் கதிகலங்கிட்டேன். நல்லவேளை, நீங்க இருந்தீங்க. நடுத்தட்டை அடியோட இறக்கிட்டேன்!"

அவள் போட்ட கூச்சலை எஞ்சின் விழுங்கிவிட்டது. அம்மா இரண்டு கைகளையும் ஆட்டி வாழ்த்துகிறாள் என்று நினைத்து, மகளும் சிரித்தபடி கையை ஆட்டினாள்.