தொட்டியில் இறங்கும் முன்

"வாயத் திறக்காம எப்படிடி பொழைக்கப் போற?" என்று அத்தை ஒருமுறை மியோகோவைக் கேட்டாள். இன்று அவள் வாயைத் திறந்தே ஆகவேண்டும். அப்பா நடத்தும் பொதுக் குளியலகத்தில், மாலை வெயில் நீராவியில் மஞ்சளாக மிதக்க, ஒரு வெளிநாட்டுப் பெண் உடம்பைக் கழுவாமலே எல்லோரும் ஊறும் வெந்நீர்த் தொட்டிக்குள் இறங்கக் காலைத் தூக்குகிறாள். "அழுக்கோட அவ இறங்கினா நான் இனிமே இந்தப் பக்கமே வரமாட்டேன், ஆமா!" என்று கழுத்தளவு நீரில் இருந்தபடி முறைக்கிறாள் இசொபே அம்மாள். "சொல்லேண்டி, வாயில என்ன அரிசி உருண்டையா?" என்கிறாள் பக்கத்தில் இருப்பவள். மியோகோவுக்குக் காது சிவக்கிறதே தவிர வார்த்தை வரவில்லை. ஓடிப்போய் அந்தப் பெண்ணின் எதிரே குட்டை முக்காலியைப் போட்டு உட்காருகிறாள். உடுத்திய துணியோடு ஒரு வாளி நீரைத் தலையில் கவிழ்த்து, கைக்கும் காலுக்கும் சோப்புப் போடுகிறாள். அந்தப் பெண் காலை இறக்கி, இன்னொரு முக்காலியில் அமர்ந்து அப்படியே செய்கிறாள். நனைந்த மியோகோவுக்குத் தும்மல் வருகிறது. அதுவும் முறைதான் போலும் என்று அந்தப் பெண்ணும் கவனமாக ஒரு தும்மல் போடுகிறாள். தொட்டியே சிரிப்பில் குலுங்குகிறது. இசொபே அம்மாள் மட்டும் சிரிக்காமல் எழுந்திருக்க, எல்லோரும் அடங்குகிறார்கள். அவள் நேராக வந்து, அந்தப் பெண்ணின் முதுகில் கை எட்டாத இடத்தைத் தன் துண்டால் தேய்த்து, ஒரு வாளி நீர் ஊற்றிவிட்டு, ஒன்றும் பேசாமல் வெளியே போகிறாள்.