பதில் வராதபோது

அந்த ஒரு வரியில் வந்து நின்றான்.

பதில் வராவிட்டால், கடைசியாக வந்த பதிலையே காட்டு.

எழுதியது யாரென்று தெரியவில்லை. நல்ல கை. சுத்தமான நிரல். மேலே ஒரு குறிப்பும் இருந்தது. பார்ப்பவரைக் காக்க வைக்கக் கூடாது.

வேறொரு கம்பெனி செய்த செயலி. புதுப்பிக்கும் வேலை இப்போது இவர்களிடம் வந்திருக்கிறது. கைபேசியில் இரத்த வகையைத் தொட்டால், அது இரத்த வங்கியின் சர்வரைக் கேட்கும். இருக்கிறதா?

சர்வர் சொல்லும். இருந்தால் பச்சை. இல்லாவிட்டால் சிவப்பு.

சில நேரம் சர்வர் வாயே திறக்காது.

அப்போது என்ன காட்டுவது என்பதைக் கைபேசிதான் முடிவு செய்ய வேண்டும். கைபேசிக்காக முடிவு செய்பவன் இன்று அவன்.

வரியை அழித்தான்.

பக்கத்து நாற்காலியில் மோகனப்பிரியா. அவன் கட்டுவதையெல்லாம் உடைத்துப் பார்ப்பது அவள் வேலை. சம்பளம் வாங்கிக்கொண்டு குறை சொல்பவள் என்று தன்னைத் தானே சொல்லிக்கொள்வாள்.

"ஏங்கண்ணா, நெட்டை ஆஃப் பண்ணுனா ஸ்க்ரீன் வெள்ளையா நிக்குது?"

"நிக்கும்."

"முன்னாடி பச்சை காட்டுச்சே. வெறும் ஸ்க்ரீன் வரவே கூடாதுன்னு ஆஸ்பத்திரிக்காரங்க தலைப்பாடா அடிச்சுக்கிட்டாங்க. சாயங்காலம் அவங்களுக்குக் காட்டணும். பழசையே போட்டு உட்டுருங்கண்ணா. யாரு கண்டா?"

அவன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று அவன் கையிலும் இதே செயலிதான். இதே பச்சை.

ஆபரேஷன் முடிந்தும் மனைவிக்கு இரத்தம் நிற்கவில்லை என்றார்கள். பி நெகட்டிவ் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். தெர்மாகோல் பெட்டியை வண்டியின் முன்னால் வைத்துக்கொண்டு நகரத்தின் மறுகோடிக்குப் போனான். வழியில் பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

போன் செய்து கேட்கத் தோன்றவில்லை.

பச்சையாக இருப்பதை எதற்குக் கேட்பது?

கவுன்ட்டரில் இருந்தவர், அவன் நீட்டிய கைபேசியைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். "இது காலைல இருந்ததுங்க. அப்பவே போயிருச்சே" என்றார். அவர் முகத்தில் உண்மையான வருத்தம்.

இன்னோர் இடத்தில் கிடைத்தது.

கிடைத்தபோது தேவைப்படவில்லை.

அவள் இறந்தது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். மாலை வாங்கிக்கொண்டு வந்தார்கள். பச்சையைப் பற்றி அவன் யாரிடமும் சொன்னதில்லை.

"தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லணும், மோகனா."

"எந்த ஆப்புங்கண்ணா அப்படிச் சொல்லுது? அதைச் சொல்றதுக்கு நாம எதுக்கு, எங்க மாமா போதுமே."

அவன் சிரிக்கவில்லை.

தட்டினான்.

தெரியவில்லை. கூப்பிட்டுக் கேளுங்கள்.

கீழே ஒரு பொத்தான். தொட்டால் அழைப்பு போகும். அதற்கு ஓர் எண் வேண்டும். சோதனையில் எப்போதும் வெறும் பூஜ்யங்களைப் போட்டு வைப்பார்கள்.

அவன் விரல்கள் வேறோர் எண்ணை அடித்தன.

அன்று பச்சை காட்டிய அந்த இரத்த வங்கியின் எண். அன்றைக்குப் பிறகுதான் மனப்பாடமானது. ஒரு முறைகூட அழைத்ததில்லை.

மோகனப்பிரியா சோதனைக் கைபேசியை எடுத்தாள். இணையத்தை அணைத்தாள். ஏதோ ஒரு வகையைத் தொட்டாள்.

தெரியவில்லை.

"பாத்தாலே பக்குங்குது."

"இருக்கட்டும்."

அவள் அவன் முகத்தை ஒருமுறை பார்த்தாள். என்ன பார்த்தாளோ.

"சரி, நான் பாஸ் போட்டுடறேன். திட்டு விழுந்தா பாதி உங்களுக்கு."

சொல்லிக்கொண்டே பொத்தானைத் தொட்டாள்.

மணி அடித்தது.

"ப்ளட் பேங்க். சொல்லுங்க."

"ஐயோ, நெசமாலுமே போயிருச்சுங்கண்ணா!" கைபேசியை அவன் கையில் திணித்தாள்.

துண்டித்திருக்கலாம். அவன் கட்டைவிரல் அந்தச் சிவப்பு வட்டத்தின் மேல்தான் இருந்தது.

"ஹலோ? எந்த குரூப்புங்க?"

"பி நெகட்டிவ்."

"ஒரு நிமிஷம் இருங்க."

நாற்காலி பின்னால் நகரும் ஓசை. செருப்பின் ஓசை. கனமான ஒரு கதவு திறந்தது. குளிர்பெட்டியாக இருக்கும். உள்ளே தட்டுகளோ பைகளோ மெல்ல உரசின.

யாரோ எழுந்து போய்ப் பார்க்கிறார்.

அவ்வளவுதான். எழுந்து போய்ப் பார்க்கிறார்.

கதவு மூடியது. செருப்பு திரும்பி வந்தது.

"இருக்குதுங்க. ரெண்டு யூனிட் இருக்குது. பேஷன்ட் பேரு சொல்லுங்க, எடுத்து வெச்சிடறேன்."

மோகனப்பிரியா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கட் பண்ணுங்க என்று கையால் காட்டினாள்.

பெயர் நாக்குவரை வந்தது. வெகு நாளாக அதை அவன் சத்தமாகச் சொல்லியிருக்கவில்லை.

"இல்லைங்க" என்றான். "இப்ப வேண்டாம்."

"சரிங்க. எப்ப வேணும்?"