பிரித்துவிட ஓர் ஆள்

சாவி கையெட்டும் தூரத்தில்தான் பனிமேல் கிடந்தது. மிலுதின் அதை எடுக்கவில்லை. குதிரைக்கு மாட்டுகிற இரும்புத் தளை அவன் வலது கணுக்காலைக் கவ்வியிருந்தது. முற்றத்தில் நின்ற இருபது பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னை அவிழ்த்துவிட யாருமே இல்லையா?" என்று இரண்டாம் முறையாகக் கத்தினான். மூன்று முறைதான் கூப்பிடலாம். அதற்கு மேல் கூப்பிட்டால் செல்லாது.

தளையின் மறு வளையம் பக்கத்திலிருந்த சவப்பெட்டிக்குள், அவனுடைய இரட்டைச் சகோதரன் ராடோயேயின் காலில் இருந்தது. இரண்டு வாரம் படுக்கையை விட்டு எழவே முடியாமல் காய்ச்சலில் கிடந்த ராடோயே, நேற்றுக் காலையில் போய்விட்டான்.

சேர்ந்து பிறந்தவர்களில் ஒருவன் போனால், மண்ணைப் போடுவதற்குள் மற்றவனைப் பிரித்துவிட வேண்டும். இல்லையென்றால் வருஷம் முடிவதற்குள் போனவன் இவனையும் இழுத்துக்கொள்வான். எங்கள் ஹோமோலியே மலையில் இதைக் கேட்டு யாரும் சிரிப்பதில்லை. சிரித்த இரண்டு பேரின் கல்லறைகள் ஓடைக்கு மேலே இருக்கின்றன.

பிரித்துவிடுகிறவர் வேற்றுக் குடும்பமாக இருக்க வேண்டும், வேறொரு புனிதருக்கு மெழுகுவத்தி ஏற்றுகிற வீட்டு ஆளாக. எங்கள் ஊரிலோ மொத்தப் பேரும் புனித நிக்கோலாஸ் வீட்டுக்காரர்கள், ஒரே வம்சம். பனி மூடிய பாதையில் பாதிரியாராலேயே வர முடியாதபோது பக்கத்து ஊர் ஆட்கள் எங்கே வருவது?

இருந்த ஒரே வேற்று ஆள் தண்ணீர் ஆலைக்காரர் மகள் இகோனியா. அவர்கள் ஜார்ஜ் வீடு. சந்தைக்குப் போன அவள் அப்பா பனிக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டிருந்தார். அவள் மட்டும் வேலிக்கு வெளியே, அழுது வீங்கிய முகத்தோடு நின்றாள்.

"பாவம்ப்பா அந்தப் பொண்ணு," என்றார் கிலிகோர் மாமா, பக்கத்தில் நின்றவரின் காதில். அவர் காதில் சொன்னால் ஊருக்கே கேட்கும். "போன ஞாயித்துக்கிழமைகூட ஆலை மதகுகிட்ட ரெண்டு பேரும் ஜோடியா நின்னாங்க. டேய் ராடோயேன்னு சத்தம் போட்டேன். வெக்கத்துல திரும்பிப் பாக்காம ஓடிட்டான் பய."

எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். சூரியன் பீச் மரங்களின் தலைக்கு இறங்கிவிட்டது. பெட்டியைத் தூக்க வந்தவர்கள் கயிற்றை எடுத்துவிட்டார்கள்.

இரட்டையரின் தாய் ஸ்டோயாங்காவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. வேலிக்கு ஓடி, பனியிலேயே மண்டியிட்டாள்.

"தாயி, நீ எவனை நெனச்சு அழுறேன்னு எனக்குத் தெரியும். போனவன் போயிட்டான். இருக்கறவனையாவது எனக்குக் காப்பாத்திக் குடு. வந்து அந்தப் பூட்டைத் திற. திறந்துட்டா இன்னைலேருந்து நீயும் என் வயித்துல பொறந்தவதான்."

"என்னால முடியாது அத்தை," என்றாள் இகோனியா.

"ஏன்டி முடியாது? சாவியைத் திருப்பக் கையில்லையா உனக்கு? உனக்கு வாய்க்க வேண்டியவன் போயிட்டான்னு என்னோட இன்னொரு புள்ளையும் போகணுமா? உன் வீட்டுக் கூரையில கிடந்த பனியை யாருடி தள்ளிவிட்டது? என் புள்ளைங்கதானே!"

"அம்மா, அவளை விடு," என்றான் மிலுதின்.

"நீ வாயை மூடுடா. மூணாவது தடவை கூப்பிடு!"

அவன் கூப்பிடவில்லை. "கூப்பிடுடா, கூப்பிடுடா" என்று முற்றமே கத்தியது. பற்களைக் கடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டான். அவன் தாய் திரும்பி வந்து அவன் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். அறைந்த கையாலேயே அவன் தலையைப் பிடித்து மடியில் அழுத்திக்கொண்டு, அவனுக்குப் பதிலாக அவளே வானத்தைப் பார்த்துக் கத்தினாள்.

"என் புள்ளையை அவிழ்த்துவிட யாருமே இல்லையா?"

அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு சும்மா நிற்க யாராலும் முடியாது. இகோனியா வேலியில் சால்வை சிக்கிக் கிழிய உள்ளே வந்தாள். பனியில் கிடந்த சாவியை எடுத்தாள்.

மிலுதின் இரண்டு கைகளாலும் பூட்டைப் பொத்திக்கொண்டான். பயத்தில் பையனுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்றுதான் நாங்கள் நினைத்தோம். அவள் அவன் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினாள். துருவேறிய பூட்டு முதலில் முரண்டு பிடித்தது, பிறகு திறந்தது.

"உறவு சொல்லிக் கூப்பிடு தாயி," என்று கெஞ்சினாள் ஸ்டோயாங்கா. "கூடப்பொறந்தவளா நீ கூப்பிட்டாத்தான் அவன் எந்திரிக்கலாம்."

மிலுதின் அவள் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டான். அத்தனை பேர் நிற்பது அவனுக்கு மறந்தே போயிருந்தது.

"வேணாம் இகோனியா, சொல்லிடாதே. ஒரே ஒரு வருஷம் உன்கூட வாழ்ந்தாக்கூட எனக்குப் போதும்டி."

கிலிகோர் மாமா ஆலை மதகுப் பக்கம் திரும்பிப் பார்த்தார், பிறகு சவப்பெட்டியைப் பார்த்தார். இகோனியா கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

"எந்திரிங்க, அண்ணா."