பச்சை மஃப்ளர்

“யாருக்கு மேடம் இந்தப் பச்சை மஃப்ளர்?”

மேனேஜர் சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் கடைசி எழுத்தில் குரல் கொஞ்சம் கீச்சிட்டுவிட்டது.

ஓயாத பின்னல் வேலையால் ‘குரோஷா அக்கா’ என்று பேரெடுத்தவள் தலையை நிமிர்த்தவில்லை. கொக்கி ஊசி நூலுக்குள் நுழைந்து நுழைந்து வெளியே வந்தது. “முடிஞ்சா தெரிஞ்சிடப் போகுது சார். இப்பவே என்ன அவசரம்?”

“அவசரமா? எனக்கா? சேச்சே!” என்றவர், தன் அறைக்குள் போய்த்தான் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

அது ஒரு குடைக் கம்பெனியின் கிளை அலுவலகம். தலைமை அலுவலகத்திலிருந்து வரும் போன் எல்லாம் முதலில் அக்காவின் மேஜைக்குத்தான் வரும். யாருக்கு மாற்றல் என்பது அவளுக்குத்தான் முதலில் தெரியும். வாயைத் திறக்க மாட்டாள். மதியம் சாப்பிட்டு முடித்ததும் பையிலிருந்து நூலை எடுத்து, போகப்போகிறவருக்குப் பிடித்த நிறத்தில் ஏதாவது பின்ன ஆரம்பிப்பாள். வாய் சொல்லாததைக் கை சொல்லிவிடும். போன வருஷம் நீல நூலை எடுத்தாள், கேஷியர் போனார். அதற்கு முன்னால் மஞ்சள், டைப்பிஸ்ட் போனாள்.

அவள் பையில் அரைகுறையாகக் கிடப்பவை வேறு ஏராளம். டிரைவருக்கு ஒற்றைக் காலுறை, கழுத்தில்லாத ஸ்வெட்டர், ஸ்டோர்கீப்பரின் குழந்தைக்குக் கையில்லாத சட்டை.

“அக்கா, அது அவன் கல்யாணத்துக்குள்ளயாவது ரெடியாகுமா?” என்று ஸ்டோர்கீப்பர் சீண்டுவார்.

“கண்டிப்பா. கையை நான் வச்சுத் தர்றேன், பொண்ணை நீங்க பாத்து வைங்க” என்பாள்.

ஆனால் மாற்றலாகிப் போகிறவருக்கான பரிசு மட்டும் இதுவரை தவறியதே இல்லை.

அந்த அலுவலகத்தில் பச்சை என்றால் மேனேஜர்தான். சட்டை பச்சை, பேனா பச்சை, தண்ணீர் பாட்டில்கூடப் பச்சை. அவரோ இப்போதுதான் சொந்த வீட்டுக்குக் குடிபோயிருந்தார். சுவரில் பெயிண்ட் வாசனை இன்னும் போகவில்லை. மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம்.

யாரோ தன்னைப் பற்றிப் போட்டுக்கொடுத்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டார். போட்டுக்கொடுக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். வாயைத் திறந்தால் வள்ளென்று விழுகிற மனிதர் அவர். அது அவருக்கே தெரியும்.

மறுநாள் டெஸ்பாட்ச் பெண் தாமதமாக மூச்சிரைக்க ஓடிவந்தாள். தாமதமாக வந்த நாளில் அவள் கண் கலங்காமல் இடத்துக்குப் போனதில்லை.

“பஸ் லேட்டாம்மா? பரவாயில்ல, முதல்ல தண்ணி குடி” என்றார் மேனேஜர்.

தன் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று அவள் திரும்பிப் பார்த்தாள்.

ஸ்டோர்கீப்பர் பயந்துகொண்டே லீவு கேட்டார். “ஒரு நாள் போதுமா? குழந்தைக்குக் காய்ச்சல்ங்கிறீங்க, கூட இருக்க வேண்டாமா?” என்றார் மேனேஜர். ரொம்ப காலமாகச் சுற்றாமல் நின்றிருந்த மின்விசிறியைப் பழுதுபார்க்க ஆள் வந்தது. ஊழியர்கள் எல்லாரும் குனிந்த தலை நிமிராமல் வேலை பார்த்தார்கள். பாவம், போகப்போகிற ஆளை நிமிர்ந்து பார்க்க மனசு வரவில்லைபோலும் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

மஃப்ளர் மட்டும் வளர்ந்துகொண்டே இருந்தது.

“மெதுவா பின்னுங்க மேடம். கண்ணு என்னத்துக்கு ஆகும்?”

“எனக்குப் பழகிடுச்சு சார்.”

“அதுக்கில்ல... அந்த ஒத்தைக் காலுறையை முடிச்சுக் குடுத்தா டிரைவர் சந்தோஷப்படுவாரேன்னு பார்த்தேன்.”

“அவர் ஒத்தைக் கால்ல நின்னுக்கிட்டா இருக்கார்? மெதுவா குடுக்கலாம் சார்.”

வீட்டில் மனைவி கவனித்துவிட்டாள். “என்ன ஆச்சு உங்களுக்கு? சாப்பாட்டுல உப்பே இல்ல. ஒரு சத்தம் இல்லாம சாப்பிடுறீங்க. எனக்கே பயமா இருக்கு.”

விஷயத்தைச் சொன்னார்.

“இதுக்குப் போயா மென்னு முழுங்கிக்கிட்டு நிக்கிறீங்க? நேரா கேட்டுடுங்க. வீட்டுல மட்டும் புலியா இருந்தா போதுமா?”

மறுநாள் மதியம் அக்காவின் மேஜை முன்னால் போய் நின்றார். அவள் மஃப்ளரின் ஓரத்தில் குஞ்சம் கட்டிக்கொண்டிருந்தாள். இன்னும் இரண்டோ மூன்றோதான் பாக்கி.

“மேடம், மறைக்காம சொல்லிடுங்க. எந்த ஊரு?”

அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மஃப்ளரை வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தாள். “அடடா! நடுவுல ஒரு கண்ணி விட்டுப்போச்சே சார். முழுக்கப் பிரிச்சாகணும்.”

“முழுக்கவா?”

“முழுக்க. மறுபடியும் முதல்லேருந்து பின்னணும். இது முடியற வரைக்கும் எதுவும் நடக்காது சார். அதுக்கு நான் பொறுப்பு.”

மேனேஜரின் முகம் திடீர் விடுமுறை கிடைத்த பள்ளிக்கூடப் பிள்ளையின் முகம் போல மலர்ந்தது. “பிரிங்க மேடம், நல்லா பிரிங்க!” ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவள் பிரிக்கப் பிரிக்கத் தானே நூலைப் பந்தாகச் சுற்றிக் கொடுத்தார். எழுந்து போகும்போது டெஸ்பாட்ச் பெண்ணிடம், “வானம் இருட்டிக்கிட்டு வருதும்மா, நீ நேரத்தோட கிளம்பிடு” என்றார்.

அவர் அறைக் கதவைச் சாத்தியதும் அந்தப் பெண் அக்காவிடம் வந்து குனிந்தாள். “எங்கக்கா தப்பு? நானும் பார்த்தேன், எல்லாம் சரியாத்தானே இருந்தது?”

“தப்பும் இல்ல, மாத்தலும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல” என்று சிரிப்பை அடக்கியபடி அக்கா முதல் கண்ணியைப் போட்டாள். “நீங்க எல்லாரும் சேர்ந்து பச்சை நூலை வாங்கித் தந்து, ‘எப்படியாவது இவரைச் சரிபண்ணுங்கக்கா’ன்னு என் தலையில கட்டிட்டீங்க. முடிச்சுட்டா பழைய சார் திரும்பி வந்துடுவாரேடி!”